ஏழு பேருக்கு உடுப்பு

“உங்களையும் சேர்த்து ஏழு பேருக்கும் புது உள்ளாடை, கம்பளிக் காலுறை. குளிச்சிட்டு இதைப் போட்டுக்கச் சொல்லுங்க சார். நான் போய் பூட்ஸை இறக்கிட்டு வரேன்.” சாமான் லாரி ஓட்டிவந்த வில்ஹோ, துணிக்கட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

சார்ஜென்ட் மாத்திலா நீராவிக் குளியலறையான சவுனாவுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். அடுப்பின் மேல் கற்கள் அனலாய்க் காய்ந்துகொண்டிருந்தன. கரி படிந்த இருட்டில், படிப்படியாக அமைந்த பலகைகளில் ஆட்கள் பிறந்த மேனியாக உட்கார்ந்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினார். தன்னையும் சேர்த்து எட்டு.

மறுபடியும் எண்ணினார். எட்டுதான். உடுப்போ ஏழு பேருக்குத்தான் வந்திருந்தது.

குளிர்காலச் சண்டைக்கு முப்பது பேரோடு போனவர் அவர். ஓய்வுக்காகப் போர்முனையிலிருந்து பின்னால் அனுப்பப்பட்டபோது கூட வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இன்று மதியம்தான் வில்ஹோவின் லாரியில் புது ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். எத்தனை பேர் என்றுகூட அவர் பார்க்கவில்லை. “முதல்ல குளிங்கடா, பேரு ஊரெல்லாம் அப்புறம் கேட்டுக்கறேன்” என்று உள்ளே அனுப்பிவிட்டார். பின்லாந்தில் அதுதான் முறை. சவுனாவுக்குள் பதவி கிடையாது. சார்ஜென்ட்கூட அங்கே வெறும் அண்ணன்தான்.

போன வாரம் பக்கத்துப் படையின் சவுனாவிலும் இப்படித்தான் ஒருவன் அதிகமாக இருந்தான். எதிரியின் ஒற்றன். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் நம் பாஷை பேசுகிறவர்கள் உண்டே. முதல் ஆளாக வெளியே போய், சாத்தி வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். பின்னால் வந்த ஒருவரும் மிஞ்சவில்லை.

இங்கேயும் எல்லோருடைய துப்பாக்கியும் வெளியறையில்தான் இருந்தது.

மாத்திலா கதவை ஒட்டியே உட்கார்ந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் உஷாராகிவிடுவான். கூப்பிடாமல் அவனை எப்படிப் பிரித்தெடுப்பது?

“என்னண்ணே, வாசல்லயே உக்காந்துட்டீங்க?” பழைய ஆள் உர்ப்போவின் குரல். “வயசாயிடுச்சா, சூடு தாங்கலையா? வில்ஹோகிட்ட சொல்லி ஒரு கைத்தடியும் வரவழைக்கட்டுமா?”

பலகைகளில் சிரிப்பு எழுந்தது. மாத்திலாவுக்குச் சட்டென்று வழி தெரிந்தது. சூடு! பிறந்ததிலிருந்து சவுனாவில் குளித்த நம்ம ஆள் சூட்டுக்கு ஓடமாட்டான். எவன் ஓடுகிறானோ அவன்தான் வெளியாள்.

தண்ணீர் மொள்ளும் அகப்பையைத் தேடினார். மேல் பலகையிலிருந்து ஒரு கை அதை எடுத்து நீட்டியது. அடுப்பு வெளிச்சத்தில் அந்தக் கை மட்டும் தெரிந்தது. இரண்டு விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. பனி தின்ற விரல்கள். பயிற்சி முகாமிலிருந்து கொழுகொழுவென்று வந்த புதுசுகளுக்கு இப்படியிருக்காது. இவன் நம்ம ஆளு, நிம்மதி.

“நல்லா ஊத்துங்கண்ணே.” கட்டிப்போன தொண்டையில் அந்த ஆள் சொன்னான். “எலும்புக்குள்ள உக்காந்திருக்கிற பனி இறங்கட்டும்.”

மாத்திலா ஊற்றினார். கற்கள் சீறின. நீராவி கூரையை முட்டிக் கீழே இறங்கியது. நிறுத்தாமல் மறுபடியும் ஊற்றினார்.

“அய்யோ, காது வேகுதுண்ணே!” உர்ப்போ கத்தினான். ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை.

இன்னொரு அகப்பை. திடீரென்று ஓர் உருவம் பலகையிலிருந்து குதித்து, மாத்திலாவை இடித்துத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்து ஓடியது.

மாத்திலா பாய்ந்தார். வெளியறையில் கைக்குக் கிடைத்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, வாசல் பனியில் அவனைத் தள்ளி வீழ்த்தினார். குழல் முனையை நெஞ்சில் வைத்தார்.

“அசைஞ்சே, சுட்டுடுவேன்! யாருடா நீ?”

“சுடாதீங்க, சுடாதீங்க! சுந்த்மான்... லெப்டினன்ட் சுந்த்மான்! உங்க புது அதிகாரி!” வெந்த இறால் போலச் சிவந்திருந்த இளைஞன் பற்கள் தந்தியடிக்கப் பேசினான். “நாளைக்குத்தான் வரணும். லாரி கிடைச்சுது, இன்னிக்கே ஏறிட்டேன். உள்ள பதவி சொல்லக் கூடாதுன்னாங்க, அதான் வாயைத் திறக்கலை. எங்க வீட்ல தொட்டியிலதான்யா குளிப்போம்!”

அந்தப் பெயரில் ஓர் அதிகாரி வருவதாக மாத்திலாவுக்கு நேற்றே தகவல் வந்திருந்தது. விரல் துப்பாக்கி விசையிலிருந்து நழுவியது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் சுட்டிருப்பார்.

ஆவி பறக்கும் உடம்போடு மற்றவர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “முதல் நாளே அதிகாரியைப் பனியில உருட்டிட்டீங்களேண்ணே!” உர்ப்போ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இனிமே உங்களுக்கு லீவு கிடைச்ச மாதிரிதான்.”

மாத்திலாவும் சிரித்துவிட்டார். ஏழு பேர், கூட ஒரு லெப்டினன்ட். எட்டுத் தலைக்கும் கணக்கு சரி. ஒற்றனுமில்லை, ஒன்றுமில்லை.

“மன்னிச்சிடுங்க சார், எழுந்திருங்க.” தூக்கிவிட இரண்டு கையும் வேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்காமலே துப்பாக்கியைப் பின்னால் நீட்டினார். விரல் நுனி கறுத்த ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

வில்ஹோ பூட்ஸ் மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தான். பனியில் நடுங்கி நின்ற லெப்டினன்ட்டைப் பார்த்து மலைத்துப் போனான்.

“ஏன்டா பார்த்துட்டு நிக்கறே?” என்றார் மாத்திலா. “ஓடிப் போய் லெப்டினன்ட்டுக்கு இன்னொரு உடுப்பு கொண்டா.”

“இன்னொண்ணு எதுக்கு சார்? அவரையும் சேர்த்துத்தான் ஏழு.”