இரண்டாம் பாகத்தில் நான்கு நொடி

“அந்த நாலு செகண்டுல என் மூச்சே நின்னுபோச்சு” என்று பல் டாக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்து கால் மணி நேரமாகியும் அரங்கத்தின் முன்கூடத்தை விட்டு யாரும் கிளம்புவதாகத் தெரியவில்லை. உள்ளே போகும்போது கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்கும் வரிசை நகராமல் நின்றது.

“மூச்சு நின்னா வேற டாக்டரைப் பாருங்க. எழுதினவர் அங்க நிறுத்தச் சொல்லல. நோட்டுல இல்லாததை வாசிக்க இந்தப் பியானோக்காரர் யாரு?” என்றார் இருமல்காரர். எந்தக் கச்சேரிக்கு வந்தாலும் ஒரு பாகம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருமித் தீர்த்துவிடுவார். அதனால் அவள் அவருக்கு வைத்த பெயர் அது.

அவள் அதே வரிசையில் அவர்களுக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றாள். பியானோக்காரருக்குப் பக்கம் புரட்டுகிறவள் அவள்தான்.

பக்கம் புரட்டுவது பிரம்ம வித்தை ஒன்றும் இல்லை. வாசிக்கிறவருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். அவருடைய இடது பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தலையை லேசாக அசைத்ததும் எழுந்து, தாளின் மேல்முனையைப் பிடித்துப் புரட்டிவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். கறுப்பு உடைதான். வளையல் கூடாது, சென்ட் கூடாது, கைதட்டும்போது எழுந்து நின்று பல்லைக் காட்டக் கூடாது. ஆள் இருப்பதே தெரியக் கூடாது. பதினோரு வருஷமாக அவள் அப்படித்தான் இருந்தாள்.

இன்று இரண்டாம் பாகத்தில், தாளின் கடைசி வரி முடிந்து, அவர் தலையசைத்தும் அவள் புரட்டவில்லை.

நான்கு நொடி.

அவருடைய கைகள் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. நானூறு பேர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் புரட்டினாள். அவர் தொடர்ந்து வாசித்தார்.

அந்த நான்கு நொடிக்காகத்தான் இங்கே கைகலப்பு ஆகாத குறை.

“அது துக்கம் சார். யாரையாவது பறிகொடுத்தவங்களுக்குத்தான் புரியும்” என்றார் பல் டாக்டர்.

“அது ஸ்டைல். கைதட்டலுக்கு அடி போடறாரு” என்றார் இருமல்காரர்.

பியானோக்காரர் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுடைய நாற்காலி போய்விடும். அவளுக்கு முன்பு புரட்டியவர் ஒரே ஒருமுறை இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியதற்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

மற்ற நாட்களில் அவளுக்கு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வேலை. பழைய எக்ஸ்ரே உறைகளை எண் பார்த்து அடுக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருடைய விலா எலும்பு அவளுக்குப் பரிச்சயம், முகம்தான் ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேனிடம் “வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்த வார்த்தை திங்கட்கிழமை அதே வாட்ச்மேனிடம்தான். கச்சேரி நாளில் மட்டும் அவளுக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு மனிதர் மூச்சுவிடுவார். அந்த நாற்காலியை விட்டால் அவளுக்கு வேறு துணை கிடையாது.

அவள் புரட்ட மறந்துவிடவில்லை. கண் கலங்கி வரி தெரியாமல் போகவும் இல்லை. தலையசைப்பைப் பார்த்தாள். விரல் தாளின் முனையில்தான் இருந்தது.

இந்தப் பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர் அவளுக்குத் தலையசைத்திருக்கிறார்கள். ஒருவரும் திரும்பி அவளைப் பார்த்ததில்லை. தாள் புரளாவிட்டால் பார்ப்பார்கள் அல்லவா? அவ்வளவுதான் தோன்றியது. மற்றபடி திட்டம் கிட்டம் எதுவும் இல்லை.

அவர் பார்த்தார். தலையை முழுதாகத் திருப்பி, அவள் முகத்துக்கு நேராகப் பார்த்தார். புருவத்தில் ஒரு வியர்வைத் துளி இருந்தது. இந்த வயதில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

அவரிடம் தானே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். நாற்காலி போனால் போகட்டும்.

கோட்டை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு அவள் கவுண்டரை விட்டு நகர்வதற்குள் பியானோக்காரரே வந்துவிட்டார். கூட்டம் அவரை மொய்த்துக்கொண்டது. பல் டாக்டர் முண்டியடித்துப் போய் அந்த நிறுத்தத்தைப் பற்றிக் கேட்டேவிட்டார்.

பியானோக்காரர் கண்ணை மூடித் திறந்தார். “இசை அந்த இடைவெளியைக் கேட்டுச்சு, குடுத்தேன்.”

பல் டாக்டர் வெற்றியோடு திரும்பிப் பார்த்தார். இருமல்காரர் இருமினார்.

அவளை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. நானூறு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கியவளை, ஒரு வார்த்தை கேட்காமல் காப்பாற்றிவிட்டார். அவளுக்காக ஒருவர் பொய் சொல்லி எத்தனை காலமாயிற்று!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் நேராக அவளை நோக்கி வந்தார். பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சொல்ல வேண்டியதை அவள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

“நீங்க இங்க கோட்டு குடுக்கறவங்கதானே? பக்கம் புரட்டுனாங்களே ஒரு அம்மா, அவங்களைப் பாத்தா ஒண்ணு சொல்லணும். நாளைக் கச்சேரியிலயும் அதே இடத்துல லேட்டாவே புரட்டட்டும்.”

அவள் கோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“சொல்லிடறேங்க” என்றாள்.