கயிறு வித்தையின் ரகசியம்

லண்டன், 1919. வித்தையின் ரகசியத்தை வெளியே சொன்ன மந்திரவாதியைச் சங்கம் நீக்கிவிடும். அதன்பின் எந்த அரங்கிலும் மேடை கிடைக்காது.

"பெல்லமி, கயிறு வித்தையைக் கூட்டத்துக்கே விளக்கினீராமே?" என்றார் தலைவர் ஹார்க்ரீவ்ஸ்.

"ஆமா. ஒண்ணு விடாம."

"குடிச்சிருந்தீரா?"

"டீதான் குடிச்சேன்."

"மன்னிப்புக் கேளும், விட்டுடறோம்."

"மாட்டேன். வர்ற சனிக்கிழமை சீட்டு வித்தையையும் சொல்லித் தரப்போறேன்."

"ரகசியம் தெரிஞ்சப்புறம் எவன்யா கைதட்டுவான்?"

"தட்டினாங்க. எழுந்து நின்னு தட்டினாங்க."

"அப்படி என்ன கூட்டம்யா அது?"

பெல்லமி சங்கத்தின் பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"போர்ல கண்ணு போன சிப்பாய்ங்க. மறைச்சு வெச்ச முடிச்சை அவங்க கையிலயே கொடுத்தேன். தொட்டுப் பார்க்காம அவங்க வேற எப்படிய்யா பார்ப்பாங்க?"