சிறுகுறிஞ்சான் செய்த வேலை

"வயித்த உள்ள இழுக்காதீங்கண்ணே!"

"எங்கப்பா இழுத்தேன்? இருக்கறதே இவ்ளோதான்!"

இளம்பரிதி டேப்பை மறுபடியும் சுற்றிப் பார்த்தான். நிஜம்தான். மூன்றே மாதத்தில் கண்ணையனின் தொப்பை நாலு விரற்கடை உள்ளே போயிருந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. பிரஷரும் இறங்கியிருந்தது.

குருசுக்குப்பத்தின் அந்தச் சின்ன வீட்டுக்குள் அவன் ஒரு குதி குதித்தான்.

பின்னே? லாஸ்பேட்டைக் கல்லூரியில் அவனுடைய ஆராய்ச்சியே இதுதான். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, தொப்பை நாலும் கூட்டாக வந்து உட்காரும் கோளாறை, சிறுகுறிஞ்சான் இலையில் இருக்கும் சத்து விரட்டுமா? அந்த இலைப் பொடியை வாங்கிப்போன மற்ற எல்லோரும் கசப்பு தாங்காமல் கழன்றுகொண்டார்கள். மிச்சம் கண்ணையன் ஒருத்தர்தான். இவரும் கைவிட்டால் வேறு தலைப்பைப் பார்த்துக்கொள் என்று ஆராய்ச்சி வழிகாட்டி நிர்மலாதேவி மேடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

"தெனம் ஒரு பொட்டலம் காலி பண்ணீங்கல்ல?"

"ஒண்ணுகூட மிச்சமில்ல தம்பி. வேணும்னா உங்க அண்ணியக் கேளு."

அடுப்படியில் கலைமகள் எதற்கோ சிரித்தாள்.

"வேற ஏதாவது பண்ணுதா உடம்புக்கு?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. மூச்சு வாங்குது. வேர்த்துக் கொட்டுது."

"எப்பெல்லாம்?"

"தெருவுல கால வச்சாலே!"

பொடி ரத்தத்தில் இறங்கி வேலை செய்கிறது! இளம்பரிதிக்குப் புல்லரித்தது.

"பெரிய மார்க்கெட்டுல உங்க கடைக்கு இப்பவும் ஆட்டோவுலதான போறீங்க?"

"ஆட்டோவுக்கு நின்னா அவ்ளோதான். ஓட்டந்தான் தம்பி, கடை வரைக்கும்."

"அடேங்கப்பா! அவ்ளோ தெம்பா? கெளம்புங்கண்ணே, மேடம்கிட்ட நீங்களே வந்து சொல்லணும். வண்டி வெளிய நிக்குது."

கண்ணையனின் முகம் வெளிறியது. "இப்பவா? பின்பக்கமா போயிடலாமா?"

"எதுக்குண்ணே?" என்றபடியே இளம்பரிதி கதவைத் திறந்தான்.

ஏழெட்டு நாய்கள் வாசலை மறித்து நின்றன. கண்ணையனைப் பார்த்ததும் எல்லாம் ஒன்றாக உறுமின. அவர் பாய்ந்து வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

கலைமகள் கரண்டியோடு வந்தாள். "உன் பொடிய ஒரு வாய் வச்சதுமே துப்பிட்டாரு. உன் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மனசு வரல. தெனம் ஒரு பொட்டலத்த பன்னுக்குள்ள வச்சு, தெனம் ஒரு நாய ஏமாத்துனாரு. இப்ப மார்க்கெட் வரைக்கும் அத்தினியும் சேந்து இவரத் தொரத்துது, போகும்போதும் வரும்போதும்!"

இளம்பரிதி கதவில் சாய்ந்து யோசித்தான். பொடி இல்லையென்றால் நாய்கள் துரத்தியிருக்காது. நாய்கள் துரத்தாவிட்டால் தொப்பை கரைந்திருக்காது. அப்படிப் பார்த்தால் சிறுகுறிஞ்சான் வேலை செய்தது உண்மைதானே? நீங்களே சொல்லுங்கள், மேடம் இதை ஒத்துக்கொள்வாரா, மாட்டாரா?