முழங்கால் விஷயம்

பேஸ்பால் அணியில் நடுக்களத்துக்கு ஒருவன்தான் வேண்டும். அரிசோனா பயிற்சி முகாமின் கடைசி நாள்வரை டெல்பர்ட்டும் கோரியும் ஓட்டத்திலும் அடியிலும் ஒன்றுபோலவே இருந்தார்கள்.

"ரெண்டு பேரையும் ஒரே அம்மாவா பெத்தா?" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

பத்து வருஷம் சிற்றூர் அணிகளில் கிடந்த டெல்பர்ட்டுக்கு இது கடைசி வாய்ப்பு. மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

"பாஸ், கோரி உங்ககிட்ட மறைக்கிறான். இங்க பயிற்சியில அடிபட்டு ரெண்டு வாரமா முழங்கால் வீங்கிக் கிடக்கு. ஒரே அறையில இருக்கோம், நானே பாத்தேன்."

டாக்டர் பார்த்தார். உண்மைதான்.

மாலையில் மேனேஜர் டெல்பர்ட்டைக் கூப்பிட்டார்.

"நல்லவேளை சொன்னே. இல்லேன்னா பெரிய தப்பு நடந்திருக்கும்."

"அப்ப இடம் எனக்குத்தானே, பாஸ்?"

"நேத்தே வேற அணியிலேருந்து ஒருத்தனை வாங்கியாச்சுப்பா. உங்க ரெண்டு பேரையும் இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பறதா இருந்தோம். ஆனா, முகாம்ல அடிபட்டவனை அப்படி அனுப்பக் கூடாதுங்கறது லீக் விதி. குணமாகிற வரைக்கும் கோரி நம்மகூடத்தான் இருப்பான்."

"நான்?"

மேனேஜர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்குத்தான் உடம்புல ஒரு குறையும் இல்லையே!"