மழையைச் சொல்லாத தவளை

கொக்குகளோடு போர் மூண்டதும், குளத்து வானொலியில் செய்தி வாசிக்கும் தவளைக்கு ஆமை அதிகாரி உத்தரவு போட்டார்: "மழை வர்றதை மட்டும் சொல்லிடாதே. எதிரிக்குத் துப்புக் கிடைச்சிடும்."

மறுநாள் மேகம் கறுத்தது. தவளைக்குத் தொண்டை அரித்தது, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

"இருட்டிக்கிட்டு வருதே, அண்ணே. முட்டைகளை மேட்டுக்கு ஏத்திடட்டுமா?" என்று கரையிலிருந்து எறும்பு கேட்டது.

தவளை பக்கத்திலிருந்த ஆமையைப் பார்த்துவிட்டு, "வானிலையில் மாற்றமில்லை" என்று வாசித்தது.

"வானொலியே சொல்லிட்டா சரிதான்" என்று எறும்பு வளைக்குத் திரும்பியது.

மழை கொட்டித் தீர்த்தது. எறும்பின் முட்டைகள் தவளையின் காலை உரசிக்கொண்டு மிதந்து போயின.

"கொக்குங்க என்ன ஆச்சு?" என்று தவளை கேட்டது.

"மேகத்தைப் பார்த்ததுமே பறந்துட்டுதுங்க," என்றார் ஆமை. "நம்மைக் கண்டு பயந்து ஓடிட்டதா வாசி."