மேலாளரின் ஷூ

நாற்காலியைக் காணோம்.

அக்கவுண்ட்ஸ் அக்கா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள், அவளுடைய மெத்மெத்தென்ற சக்கர நாற்காலி போயிருந்தது. அந்த இடத்தில் நாலு கால் இரும்பு நாற்காலி ஒன்று, பரீட்சை ஹாலிலிருந்து தப்பி வந்ததுபோல நின்றுகொண்டிருந்தது.

"கழட்டிமாட்டிதான் தள்ளிக்கிட்டுப் போனான். அவன் ரூமுக்கு வேணுமாம்" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஆபீஸே சேர்ந்து வைத்த பெயர் அது. எந்தக் கோளாறு என்றாலும் ஒயரைக் கழட்டுவான், மாட்டுவான், "இப்பப் பாருங்க" என்பான்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பு வலி என்று சொல்லிச் சொல்லி, நடையாய் நடந்து வாங்கிய நாற்காலி. உட்கார்ந்தால் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு இறங்கும். அந்தச் சுகமே தனி.

காலையிலிருந்தே அவன் போக்கு சரியில்லை. மேலாளரின் இரண்டு பெரிய திரைகளும் நினைத்தபோதெல்லாம் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தன. லேப்டாப்பை டாக் என்கிற சின்னப் பெட்டியில் செருகினால் இரண்டும் எரியும். எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு நொடி கறுத்துப்போகும். மதியம் பெரிய வாடிக்கையாளரோடு வீடியோ கூட்டம். அதற்குள் சரிசெய்யாவிட்டால் நாளையிலிருந்து வேறு ஆள் என்று மேலாளர் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். யாரால் இப்படி ஆகிறது என்றும் தெரிந்தாக வேண்டுமாம். அவருக்குக் காபி ஆறிப்போனால்கூட ஒரு குற்றவாளி வேண்டும்.

கழட்டிமாட்டி கேபிளை மாற்றினான். டாக்கையே மாற்றினான். பிறகு மேலாளர் அறைக்கும் அக்காவின் மேசைக்கும் நடுவே இருந்த மெல்லிய தடுப்புக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அக்காவை வேலை வாங்க ஆரம்பித்தான். கத்தரிக்கோல் வேணும்க்கா என்றான். கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், குடிக்கக் கொஞ்சம் தண்ணி என்றான். அதையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், கத்தரிக்கோல் வேண்டாமாம், எடுத்து வைத்துவிட வேண்டுமாம். உள்ளேயிருந்து மேலாளர் "போச்சு, மறுபடி போச்சு" என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். வேலை தெரியாதவன் அடுத்தவரை ஏவியே பொழுதைக் கழிக்கிறான் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இப்போது நாற்காலியும் போயிற்று. சண்டைக்குக் கிளம்பியவளை, மேலாளர் அறை வாசலில் கூடியிருந்த கூட்டம் நிறுத்தியது.

"காரணம் தெரிஞ்சுபோச்சு சார். சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்று கழட்டிமாட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யாருய்யா? பேரைச் சொல்லு."

"நீங்கதான் சார். உங்க ஷூ. நடக்க நடக்க அதுல கரண்ட் சேருது. டாக் பக்கத்துல வந்ததும் திரை பயந்து அணைஞ்சிடுது."

மேலாளர் அவனை முறைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஷூவைக் கழற்றினார்.

"சாக்ஸும் சார்."

சாக்ஸ் ஒன்றில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. ஆபீஸே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இடுப்புக்கு மேலே கோட்டும் டையும், கீழே வெறுங்காலுமாகக் கூட்டத்தை நடத்தி முடித்தார் மேலாளர். திரை ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. வாடிக்கையாளரின் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. தன் உடம்பிலேயே கரண்ட் ஜாஸ்தி என்று வெளியே வந்து பெருமை வேறு அடித்துக்கொண்டார். இனி ஆபீஸுக்குள் வெறுங்கால்தான் என்று அறிவித்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு டாய்லெட் பக்கம் நடந்தார்.

அக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒருமுறை லிஃப்ட் நின்றுபோனபோது, "லிஃப்ட் மேல தப்பில்ல, எங்க அக்கவுண்ட்ஸ் அக்கா ஏறிட்டாங்க" என்று ரிப்பேர்காரனிடம் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தவர் இவர்தான். அன்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அக்கா. வீட்டுக்குப் போய் அழுததும் அவள்தான். அதற்குப் பிறகு மூச்சு வாங்க வாங்கப் படியில்தான் ஏறுகிறாள்.

சரி, அதற்காக நாற்காலியை விட்டுவிட முடியுமா?

கழட்டிமாட்டியின் அறையில் மேசைக்குப் பக்கத்திலேயே அது நின்றது. மேசைமேல் மேலாளர் அறையிலிருந்து கழற்றி வந்த பழைய டாக்கும், அதில் எரிகிற ஒரு திரையும். அவன் ஓர் ஓரமாக நின்று ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வயசுல பெரியவளைக் காலையிலேர்ந்து ஓட விட்டே. இப்ப நாற்காலியையும் தூக்கிட்டு வந்துட்டே. நல்லாவா இருக்கு?"

"உங்களுக்கு வேற நல்ல நாற்காலிக்குச் சொல்லியிருக்கேன்க்கா. நாளைக்கு வந்துடும். இது வேண்டாம்."

"எனக்கு இதுதான் வேணும்" என்று தொப்பென்று அதில் உட்கார்ந்தாள் அக்கா.

நாற்காலி புஸ்ஸென்றது. மேசைமேல் இருந்த திரை கறுத்தது.

ஒரு நொடியில் திரும்ப வந்தது. அக்கா எழுந்தாள். மறுபடி கறுத்தது. மெல்ல, பூவை வைப்பதுபோலத் தன்னை இறக்கி உட்கார்ந்தாள். அப்போதும் கறுத்தது.

கத்தரிக்கோல். தண்ணீர். திரும்பவும் கத்தரிக்கோல். ஒவ்வொன்றாகப் புரிந்தது. கரண்ட் சேர்ந்தது ஷூவில் இல்லை, இந்த நாற்காலியில். மேலாளர் கேட்ட பேர் யாருடையது என்பதும் புரிந்தது. எழுந்துகொள்ளப் பயமாக இருந்தது, உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது.

கழட்டிமாட்டி ஒயரைச் சுற்றிக்கொண்டே, குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"நீங்க உட்காருங்கக்கா. நான் ஷூ போட்டுக்கிட்டு நிக்கறேன்ல, அதான்."