நாற்பதாவது கார்டு

வயிற்றுப்புண்ணுக்காகப் பாதி இரைப்பையை வெட்டி எடுத்தவர்கள் ஐந்து வருஷத்துக்குப் பிறகு பழையபடி உழைக்கிறார்களா? லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றும் கீரிப்பாறை மலையடிவார ஆஸ்பத்திரியும் சேர்ந்து இதை ஆராய்ந்துகொண்டிருந்தன.

லண்டன் கடிதத்தை டாக்டர் சத்தியராஜ் மேசையில் போட்டார்.

"நாப்பது பேருக்குக் கார்டு போட்டோம். வந்த முப்பத்தொன்பது பதிலும் ஒரே கையெழுத்துன்னு எழுதியிருக்காவ. நீ எழுதினியா நேசபாய்?"

கார்டுகளைச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பிய நர்ஸ் நேசபாய்க்குக் கண் கலங்கியது. "சத்தியமா நான் எழுதல்ல டாக்டர்."

"பின்ன ஆரு? நம்ம ஆராய்ச்சியையே தள்ளிருவாவ."

தபால் கொடுக்க வந்தவர் வாசலில் பையை இறக்கினார். "நான்தான் எழுதினேன். அவ்வளவு பேருக்கும் எழுத்து தெரியாது. வீடு வீடாப் போய்க் கேட்டு, மணியார்டருக்கு வாங்குத மாதிரி கைநாட்டும் வாங்கினேன்."

லண்டன்காரர்கள் மைக்கறை என்று எழுதியிருந்தது அதைத்தான். கடிதத்தோடு திரும்பி வந்த கார்டுகளை டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒவ்வொரு ரேகையும் வேறு வேறு.

"தப்பிச்சோம். ஆனா பதில் வராத நாப்பதாவது ஆள் இறந்துட்டான்னுதான் எழுதணும்."

"ஆளு பேரென்ன?" என்றார் தபால்காரர்.

நேசபாய் பதிவேட்டைப் பார்த்தாள். "முத்துநாயகம். ரப்பர் தோட்டக் கூலி."

தபால்காரர் பைக்குள் துழாவி, எழுதாத கார்டு ஒன்றை எடுத்தார்.

"அது நான்தான் டாக்டர். எல்லாருக்கும் எழுதிட்டு எனக்கு எழுதலாம்னு வச்சேன், மறந்துபோச்சு. அப்போ எலும்பும் தோலுமாக் கிடந்தேன், அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல்ல. இந்த வேலை பொறவு கிடைச்சது."

"தினம் எத்தனை மைல் நடக்கியீரு?"

"பதினாலு. மலையேத்தம் வேற."

டாக்டர் சிரித்தபடி பேனாவை நீட்டினார். நேசபாய் மைப்பெட்டியை நகர்த்தினாள்.

"எழுதிட்டுக் கைநாட்டும் வையும் அண்ணாச்சி. இல்லேன்னா இதையும் நான் எழுதினேம்பாவ."